செக்போஸ்ட் பாறையில் ஓகே அண்ணன்

ஆற்றில் விழுந்தவரைப் பார்த்து "நல்லா இருக்கீங்களா?" என்று கத்திக் கேட்பதில் பிரயோஜனம் இல்லை. பாறைக்குப் பாறை மோதிக்கொண்டு இறங்குகிற தண்ணீரின் இரைச்சலில், கேட்பவருக்கே தன் குரல் கேட்காது. அதனால், ரப்பர் படகில் ஆட்களை ஏற்றிக் காட்டாற்றில் இறக்குகிற ராஃப்டிங் தொழிலில் ஒரு சைகை வைத்திருக்கிறார்கள். உள்ளங்கையால் ஹெல்மெட்டின் உச்சியில் இரண்டு தட்டு. கரையிலிருப்பவர் தட்டினால் அது கேள்வி. தண்ணீரில் இருப்பவர் திருப்பித் தட்டினால் அது பதில்: நான் நலம், ஓகே. நலமில்லை என்றால் கையைத் தலைக்கு மேலே நேராகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். சின்னக் குழந்தைக்கும் புரியும்.

இதைப் பத்தொன்பது வருடமாக ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்ததில், நம்முடைய ஆளின் வலது கை அவரைக் கலந்தாலோசிப்பதை நிறுத்திவிட்டது. குழம்பில் உப்பு சரியா என்று மனைவி கேட்டால், வாய் மெல்லும், கை தலைக்குப் போகும். முடிவெட்டும் கடையில் "இந்த அளவு போதுமாண்ணே?" என்று கேட்டபோதும் கை போயிற்று; அங்கே ஏற்கெனவே கத்தரிக்கோல் வேலை செய்துகொண்டிருந்தது. விரல் நுனியோடு போனது. ரத்தத்தைத் துடைத்தபடி கடைக்காரர் "ஓகேவாண்ணே?" என்று பதறியதற்கு, மறுபடியும் தட்டினார் என்பார்கள். அதற்குப் பிறகு அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஓகே அண்ணன்.

அவர் ஆற்றுக்கு வந்தது தற்செயல். பஸ் நிலையத்துக்குப் பின்னால் பஞ்சர் கடை வைத்திருந்தார். ஒரு நாள் ஒருவர், இறந்துபோன காண்டாமிருகத்தைப் போல ஒன்றை வேனில் மடித்துப் போட்டுக்கொண்டு வந்து, "இதுக்கு ஒட்டுப் போடுவியாப்பா?" என்றார். காற்றடிக்கும் ரப்பர் படகு. பாறை கிழித்திருந்தது. ஒட்டுப் பிடித்தது. வந்தவருக்குத் திருப்தி. படகோடு நிற்காமல் ஒட்டுப் போட்டவரைப் பற்றியும் விசாரித்துவிட்டுப் போனார். அடுத்த வருடம் தன் தங்கையையே கட்டிக்கொடுத்தார். அப்படித்தான் படகுக் கம்பெனி முதலாளி மச்சான் ஆனார். கல்யாணம் முடிந்து ஐந்தாவது மாதம் ஒரு வழிகாட்டி வேலைக்கு வரவில்லை. "ஏறு மாப்ள, இன்னைக்கு ஒரு நாள் மட்டும்" என்றார் மச்சான். அந்த ஒரு நாளுக்குத்தான் இப்போது பத்தொன்பது வயது.

அந்த ஆற்றின் விசேஷம் என்னவென்றால், அதில் இறங்க ஒரு வழி, ஏற ஒரு வழி. நடுவில் பதினோரு கிலோமீட்டர். இரண்டு பக்கமும் காடு செங்குத்தாக நிற்கும். பாதை கிடையாது, போன் எடுக்காது. வேன் ஆட்களை இறக்கிவிட்டு மலையைச் சுற்றிக்கொண்டு மறுமுனைக்குப் போய்விடும். படகில் கால் வைத்தபின் மனம் மாறினாலும், வயிறு மாறினாலும், கீழே போய்த்தான் ஆக வேண்டும். வாடிக்கையாளர்கள் இதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். படம் பிடித்து, அந்தச் சொல்லையே அடியில் எழுதிப் போடுகிறார்கள்.

ஓகே அண்ணனுக்குப் போன மழைக்காலத்திலிருந்து வயிறு மாறியிருந்தது. குறிப்பிட்டுச் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. ஒரு காலையில், படகை இறக்கும் மணல் திட்டில் நின்று வழக்கமான பாதுகாப்புச் சொற்பொழிவை ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தி, புதர் மறைவுக்குப் போய்வர வேண்டியதாயிற்று. மறுநாளும் அப்படியே. நாற்பத்தாறு வயதில், தினம் பார்க்கும் தண்ணீரைப் பார்த்துப் பயம். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். சொல்லாமலிருந்தால் இறங்க வேண்டும். அவர் இறங்கினார்.

சொற்பொழிவிலாவது ஏதாவது மாற்றிப் பார்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. "தண்ணியில விழுந்தா பயப்படாதீங்க, கீழ எங்க மச்சான் வல போட்டுப் பிடிச்சு ஆபீஸ்ல குடுத்துடுவாரு" என்பது முதல் நகைச்சுவை. "ஓடுற தண்ணியில மட்டும் எந்திரிச்சு நிக்காதீங்க. கால் கல்லுக்கு நடுவுல மாட்டிக்கும். அப்புறம் வருஷா வருஷம் நாங்க உங்களை வந்து பார்த்துட்டுப் போகணும்" என்பது இரண்டாவது. இப்படிப் பதினான்கு. கம்பெனியைப் பற்றி இணையத்தில் எழுதுகிறவர்கள் ஆற்றை விட்டுவிட்டு இந்தப் பதினான்கையும்தான் எழுதுகிறார்கள். ஒருமுறை அலுப்பில் ஒன்பதாவதை விட்டுவிட்டதற்கு, முன்பே வந்துபோன ஒரு அம்மாள் கையைத் தூக்கி, "அந்த மாமியார் ஜோக்கு?" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

விடுதலைக்கான வாசலை மனைவிதான் கண்டுபிடித்தாள். அவள் பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் இருப்பவள். வாயைத் திறந்தவர்களிடமிருந்து செய்தி வாங்குவது அவளுக்குக் கஷ்டமில்லை. நகராட்சி நீச்சல் குளத்துக்குக் கண்காணிப்பாளர் வேண்டும் என்று அந்தக் குளத்து மேனேஜரே கடைவாய்ப் பல் வலிக்கு நடுவில் சொன்னார். ஓகே அண்ணன் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நாலரை அடித் தண்ணீர். நீல ஓடு. ஒவ்வொரு ஓடும் எண்ணலாம் போலத் தெளிவு. எங்கிருந்தும் வரவில்லை, எங்கும் போகவில்லை. பார்த்தவுடனே வயிறு அடங்கியது.

வேலை அவருக்குத்தான் என்றார்கள். ஒரே நிபந்தனை: மூன்று வாரத்துக்குள், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு முன்னால், நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். போடுவதற்கு முன் மச்சானிடம் சொல்ல வேண்டும். மூன்று வாரமும் மச்சான், கொட்டகைச் சுவரில் துடுப்புகளை அடுக்கியபடி, தினம் காலையில் கேட்பார்: "என்ன மாப்ள, எல்லாம் ஓகேதானே?" தினமும் ஓகே அண்ணன் வாயைத் திறப்பார். அதற்குள் கை முந்திக்கொள்ளும்.

கெடு முடியும் வெள்ளிக்கிழமை காலை, மாடிப்படியின் அடியில் நின்று மனைவி கேட்டாள்: "என்னங்க, இன்னைக்காவது எங்க அண்ணன்கிட்ட சொல்லிடுவீங்கல்ல?"

"நீயே ஒரு வார்த்தை…"

"நான் சொன்னா அண்ணன் சிரிச்சிட்டு, எனக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிடும். உங்க வாயால சொல்லுங்க. மூணு மணிக்கு ஆத்துலருந்து ஏறுவீங்க. அங்கதான் நிக்கும். சொல்லிட்டு நேரா குளம். ஓகேவா?"

தட்டினார். அவள் பஸ்ஸுக்கு ஓடினாள்.

அன்று இரண்டு படகுகள். முதல் படகை 'மீசை' என்கிற இன்னொரு வழிகாட்டி நடத்தினான். இரண்டாவது ஓகே அண்ணனுடையது. ஒரு மென்பொருள் அலுவலகத்திலிருந்து ஆறு பேர், அவர்களில் ஒருவர் மேலாளர். படகுகளைச் சுற்றி, ஒற்றை ஆள் உட்காரும் ஒடுக்கமான கயாக் படகில் ஓடிவந்து, விழுந்தவர்களை அள்ளுவது நெத்திலியின் வேலை. முப்பது வயதுப் பெண். ஒல்லி, தண்ணீரில் எந்த இடுக்கிலும் நுழைந்து வருவாள். பேச்சும் அப்படித்தான்.

"அண்ணே, ஏன் இன்னைக்கு மூணு தடவை புதருக்குப் போனீங்க? உள்ள யாராவது தெரிஞ்சவங்க இருக்காங்களா?"

"போடி, வேலையப் பாரு."

மேலாளர் படகில் ஏறி உட்கார்ந்து காட்டை ஒருமுறை மூச்சிழுத்துவிட்டுச் சொன்னார்: "குடுத்து வச்சவர் சார் நீங்க. நாங்க ஏசி ரூமுக்குள்ள அடைஞ்சு கிடக்கிறோம். நீங்க பாருங்க, கேள்வி கேக்க ஆளில்ல. சுதந்திரம்!"

ஓகே அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று பத்து.

ஆற்றில் தண்ணீர் கொந்தளித்து இறங்கும் ஒவ்வொரு இடத்துக்கும் இவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். துவைகல், மாமியார், கரண்டுக் கம்பி. மாமியாருக்குச் சற்று மேலே, நட்ட நடு ஆற்றில், மேசைபோல் ஒரு பாறை. தண்ணீர் குறைவான நாளில் படகு அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். எப்போது விடும் என்று சொல்ல முடியாது. அதனால் செக்போஸ்ட்.

ஒன்றரை மணிக்குச் செக்போஸ்ட் அவர்களைப் பிடித்துக்கொண்டது. மீசையின் படகு முன்பே வளைவைத் தாண்டிவிட்டது. எல்லோரையும் ஒரு பக்கம் நகரச் சொல்லிக் குதிக்கவைத்தார் ஓகே அண்ணன், படகு அசையவில்லை. இந்த மாதிரி வேளையில் வழிகாட்டி பாறைமேல் இறங்கி, இரண்டு காலையும் காய்ந்த இடத்தில் ஊன்றி, தோளால் தள்ள வேண்டும். நூறு தடவை செய்ததுதான். அந்த நூறு தடவையும் படகு முனகி, மெதுவாகத்தான் நகர்ந்தது. இன்று ஒரே தள்ளில் வழுக்கிப் போயிற்று. போகும்போது அவர் பிடித்திருந்த பக்கக் கயிறு அவரையும் இழுத்தது. பாறையின் ஓரத்தில் சறுக்கி, இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். இறங்கி, பத்தொன்பது வருடமாக எதைச் செய்யாதீர்கள் என்று ஊருக்குச் சொல்லிவந்தாரோ அதைச் செய்தார். எழுந்து நின்றார்.

இடது கால் இரண்டு கல்லுக்கு நடுவில் கணுக்கால்வரை போய் இறுகிக்கொண்டது. இரண்டாவது நகைச்சுவை.

படகு நடத்த ஆள் இல்லாமல் மாமியாரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஆள் இல்லாமல் என்று சொல்வது தவறு, மேலாளர் இருந்தார். எழுந்து நின்று, யாரும் கேட்காத திசைகளில் கட்டளைகள் கொடுத்துக்கொண்டிருந்தார். நெத்திலி படகுக்கும் பாறைக்கும் நடுவில் கயாக்கைத் திருப்பி நிறுத்தினாள். ஒரு நொடி. ஓகே அண்ணனைப் பார்த்து ஹெல்மெட்டில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

கை போயிற்று. தட்டியது.

அவள் திரும்பிப் படகைத் துரத்தினாள். வளைவில் மஞ்சள் ஹெல்மெட் மறைந்தது.

அதை வீரம் என்று பின்னால் சிலர் சொன்னார்கள்: ஆறு உயிரைக் காப்பாற்றத் தன்னைப் பற்றி யோசிக்கவில்லையாம். யோசிக்கவில்லை என்பது மட்டும் உண்மை.

முதலில் காலை இழுத்துப் பார்த்தார். தண்ணீர் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே இருந்தது, வரிசையில் பின்னால் நிற்கும் பொறுமையில்லாத ஆள் மாதிரி. முன்னால் சாய்ந்தால் கணுக்கால் முறியும். பின்னால் சாயத் தண்ணீர் விடாது. பக்கத்தில் செக்போஸ்டின் விளிம்பைப் பிடித்தால் நிற்கலாம். குனிந்து ஷூவின் நாடாவை அவிழ்க்கலாமென்றால் தலை முழுகுகிறது. நாடாவை இரட்டை முடிச்சுப் போட வேண்டும் என்பது கம்பெனி விதி. விதியைக் கொண்டுவந்தவர் அவரேதான்.

இப்படியாக நிற்பதைத் தவிர வேலை எதுவும் இல்லாமல் போயிற்று. பத்தொன்பது வருடத்தில் இந்த இடத்தில் அரை நிமிடத்துக்கு மேல் அவர் இருந்ததில்லை. எதிர்க்கரையில் ஒரு மரம், வேரெல்லாம் வெளியே தெரிய, பாறையைக் கட்டிப்பிடித்து நின்றது. ஒரு மீன்கொத்தி வந்து அதில் உட்கார்ந்தது, பார்த்தது, போயிற்று. அதற்கு அவசர வேலை இருந்திருக்க வேண்டும்.

தண்ணீரின் நிறம் மாறியதை அதற்குப் பிறகுதான் கவனித்தார். பச்சை போய்த் தேநீர் நிறம். மேலே எங்கோ மழை. லைஃப் ஜாக்கெட்டில் மூன்று கொக்கிகள். வந்தபோது தண்ணீர் அடிக் கொக்கிக்குக் கீழே இருந்தது. ஒன்று ஐம்பதுக்கு அடிக் கொக்கியைக் காணோம். மூன்றாவது கொக்கிக்கு மேலே கழுத்து. கழுத்துக்கு மேலே என்ன என்று அவருக்குத் தெரியும்.

விசில் ஜாக்கெட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று ஊதல் என்றால் ஆபத்து. எடுத்து வாயில் வைத்தார். ஊதக் கூச்சமாக இருந்தது. இப்போதுதானே ஓகே என்றோம். அதற்குள் ஊதினால் என்ன நினைப்பாள்? இந்த எண்ணம் ஓடியபோது அவருக்கே தன்மேல் ஆத்திரம் வந்தது. "அடச்சீ, மானம் பார்க்கிற இடமாடா இது!" என்று தனக்கே உரக்கச் சொல்லிக்கொண்டு ஊதினார். மூன்று. மறுபடி மூன்று. ஆறு அதையும் வாங்கிப் போட்டுக்கொண்டது. இரண்டு ஐந்து. நடுக் கொக்கி நனைந்தது.

அப்போது அவருக்கு மனைவியோ மச்சானோ நினைவுக்கு வரவில்லை. குளம்தான் வந்தது. அந்த நீல ஓடு. அங்கே நின்றால் கால் தெரியும். தன் காலைத் தன் கண்ணால் பார்க்க முடிகிற தண்ணீரில் நிற்பதற்காகவே அந்த வேலை வேண்டும் என்று தோன்றியது. ஐந்து மணிக்குள் அங்கே போய்ச் சேர்ந்தால் போதும் என்று, அந்த நிலையிலும், நேரம் கணக்குப் போட்டார். மனிதன் நம்பிக்கையை விடுவதில்லை. அலுவலக நேரத்தைக்கூட விடுவதில்லை.

இரண்டு இருபதுக்கு மஞ்சள் ஹெல்மெட் தெரிந்தது. மாமியாருக்கு முன்பாகப் படகைப் பிடித்து, மேலாளரை உட்காரவைத்து, எல்லோரையும் கரையில் ஏற்றிவிட்டு, கயாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு பாறைக்குப் பாறை தாவி வந்திருந்தாள். பின்னாலேயே, வளைவுக்கு அப்பால் தன் படகை ஒதுக்கிக் காத்திருந்த மீசை, கயிற்றுப் பையோடு. இருநூறு மீட்டருக்கு அவர்களுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. நெத்திலி கரையில் நின்று, மூச்சிரைத்தபடி, ஹெல்மெட்டில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

கை கிளம்பிவிட்டது. தோள்வரை வந்தது. காதுவரை வந்தது. ஓகே அண்ணன் தன் கையை அடுத்தவர் கையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஹெல்மெட்டைத் தொட இன்னும் நாலு விரற்கடைதான். பல்லைக் கடித்துக்கொண்டு முழங்கையை நீட்டினார். கை தலையைத் தாண்டி நேராக மேலே போய் நின்றது.

கரையில் இருவரும் ஒரு கணம் அசையவில்லை. அவர் அப்படிச் செய்து அவர்கள் பார்த்ததில்லை. பிறகு நெத்திலி ஓடினாள்.

மீசை இந்தக் கரையில் கயிற்றின் ஒரு முனையைப் பிடிக்க, அவள் மேலே போய்க் கயாக்கில் ஆற்றைக் குறுக்கே கடந்து மறுமுனையை எதிர்க்கரைக்குக் கொண்டுபோனாள். கயிறு கீழ்ப்பக்கத்திலிருந்து தண்ணீர்மேல் ஏறி வந்து அவருடைய நெஞ்சில் பதிந்தது. இரு கரையிலும் இருவரும் நீரோட்டத்துக்கு எதிராக இழுத்துப் பிடித்தார்கள். முதுகில் தள்ளிக்கொண்டிருந்த ஆள் முதல்முறையாகச் சற்று விலகினான். அவர் பின்னால் சாய்ந்து காலை உருவினார். கால் வந்தது. ஷூ வரவில்லை. இரட்டை முடிச்சு எதற்காகக் கடைசியில் விட்டுக்கொடுத்தது என்று யாருக்கும் தெரியாது.

கரையில் கிடந்தவரிடம் நெத்திலி முதலில் சொன்னது: "அறிவிருக்காண்ணே உங்களுக்கு? மாட்டிக்கிட்டு நிக்கிறீங்க, ஓகேங்கிறீங்க!"

"கைம்மா… கை…"

"கைய ஒடிச்சு அடுப்புல வைக்க!" என்றாள். பிறகு உட்கார்ந்து அழுதாள்.

ஆறு விட்டது, ஆனால் அனுப்பவில்லை. ஏறிய தண்ணீரில் மாமியாரைத் தாண்ட முடியாது. வற்றும்வரை எல்லோரும் கரையிலேயே குந்தியிருக்க வேண்டியதாயிற்று. முன்னால் தண்ணீர், பின்னால் செங்குத்தாகக் காடு. மூன்று மணி, நான்கு மணி. மேலாளர் நான்கு தடவை போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பார்த்தார். ஐந்து மணிக்கு ஓகே அண்ணன் கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார்.

மறுமுனையில் ஏறும்போது ஆறேகால், வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. மச்சான் வேனுக்கும் கரைக்கும் நடந்து நடந்து மணலில் ஒரு வாய்க்காலே வெட்டியிருந்தார். தலைகளை எண்ணினார், சரியாக இருந்தது. முகம் தெளிந்தது.

"என்ன மாப்ள, எல்லாம் ஓகேதானே?"

ஓகே அண்ணன் ஒற்றை ஷூவோடு நின்றார். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார்.

"இல்ல மச்சான்."

மச்சான் சிரித்தார். பதினைந்தாவது நகைச்சுவை என்று நினைத்திருக்க வேண்டும்.

"நான் சிரிப்புக்குச் சொல்லல. காலு ஓகே இல்ல, அது ஆறிடும். வயிறு ஓகே இல்ல. போன மழையிலருந்து இந்த ஆத்தப் பார்த்தாலே பயமா இருக்கு. இனிமே நான் படகுல ஏறல. நீச்சல் குளத்துல ஒரு வேலை…"

"தெரியும்."

"தெரியுமா?"

"அந்த மேனேஜர் என்கூடப் படிச்சவன். ஆளு எப்படின்னு எங்கிட்டதான் போன் பண்ணிக் கேட்டான். மூணு வாரமாச்சு."

"என்ன சொன்னீங்க?"

"நல்லதாத்தான் சொன்னேன். தங்கமான ஆளு, எதுக்கும் இல்லன்னே சொல்லத் தெரியாதுன்னு."

"அப்ப எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மச்சான்?"

"கேக்கலையா? தினம் காலையில கேட்டேனே, எல்லாம் ஓகேதானேன்னு. நீ தட்டுன."

"இல்லன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

மச்சான் யோசித்தார். அடிப்படையில் நேர்மையானவர், பலன் எதுவும் இல்லாத நேரங்களில் தவறாமல் உண்மை பேசுவார். "விட்டிருக்க மாட்டேன்" என்றார். "ஆனா கேட்டேன்ல?"

குளத்து வேலை அன்று ஐந்து பத்துக்கு ஓய்வுபெற்ற ஒரு விளையாட்டு ஆசிரியருக்குப் போய்விட்டது. மனைவி அதைப் போனில் கேட்டு முடித்துவிட்டு, வீங்கிய காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். நெத்திலி அதற்குள் எல்லாவற்றையும் அவளிடம் ஒப்பித்திருந்தாள்.

"சாகக் கிடக்கும்போதும் தலையில தட்டினீங்களாமே? என்னைப் பொண்ணு பார்த்தப்போ சம்மதம்னதும் அந்தக் கைதானா?"

"அப்ப நான் டியூப்புதானே ஒட்டிட்டிருந்தேன்" என்றார் அவர். அவள் சிரிப்பை அடக்க வீக்கத்தைச் சற்று அழுத்திவிட்டாள்.

இப்போது அவர் வேன் ஓட்டுகிறார். அதே கம்பெனி, அதே மச்சான். ஆட்களைக் காட்டு முனையில் இறக்கிவிட்டு, மலையைச் சுற்றிக்கொண்டு மறுமுனைக்குப் போகிறார். சொற்பொழிவும் அவருடையதுதான், அதை மச்சான் விடவில்லை. பதினான்கு நகைச்சுவைகள், வரிசை மாறாமல். கரையில் நின்றுதான். விடுதலை ஒன்றும் பெரிதாக வந்துவிடவில்லை. ஆனால் வேனில் ரிவர்ஸ் கியர் இருக்கிறது. யாரும் இல்லாத வளைவில் சில சமயம் காரணமின்றி நிறுத்தி, பத்தடி பின்னால் போய்ப் பார்த்துவிட்டு, மறுபடி முன்னால் போகிறார்.

நெத்திலி தண்ணீரில் இறங்குமுன் கரையைப் பார்த்துத் தட்டுவது வழக்கமாகிவிட்டது. சில நாள் அவரும் தட்டுகிறார். சில நாள் கை மேலே போகிறது. அந்த நாட்களில் அவள் ஏறி வந்து, இரண்டு நிமிடம் பக்கத்தில் நின்றுவிட்டு இறங்குகிறாள்.

வீட்டில்தான் சிரமம். காலையில் மாடிப்படியின் அடியில் நின்று மனைவி "ஓகேவா?" என்கிறாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு யோசிக்க ஆரம்பிக்கிறார். உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும் என்றால் நேரமாகிறது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். எட்டு பத்து பஸ் போகிறது. போகட்டும் என்று விடுகிறாள்.